புராஜெக்ட் நடுவில் குழுவுக்குள் மோதல்: ஆளை மாற்றுவது தீர்வாகுமா?

கேள்வி: ஆறு மாத மென்பொருள் புராஜெக்ட் ஒன்றுக்கு முதல்முறையாகத் தலைமை ஏற்றிருக்கிறேன். என்னையும் சேர்த்து ஏழு பேர். முதல் மாதம் எல்லாரும் இணக்கமாக இருந்தார்கள். இப்போது இரண்டாம் மாதம் முடியப்போகிறது. மீட்டிங் என்றாலே வாக்குவாதம்தான். அனுபவசாலிகள் இருவர் வடிவமைப்பு விஷயத்தில் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். வேலையும் பின்தங்கிவிட்டது. அவர்களில் ஒருவரை மாற்றிவிட்டு, கூடுதலாக இரண்டு பேரைச் சேர்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலான குழுக்கள் கடந்துவரும் ஒரு கட்டத்தில்தான் உங்கள் குழுவும் நிற்கிறது.

அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965இல் சிறு குழுக்களைப் பற்றிய ஐம்பது ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் படித்து, குழுவின் வளர்ச்சியை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: உருவாதல், மோதல், ஒழுங்குக்கு வருதல், முழுமூச்சாகச் செயல்படுதல். 1977இல் மேரி ஆன் ஜென்சனுடன் சேர்ந்து, கலைதல் என்ற ஐந்தாவதையும் சேர்த்தார். முதல் மாதம் நீங்கள் பார்த்த இணக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் தயக்கம். யார் எப்படிப்பட்டவர் என்று தெரியாதவரை எல்லாரும் மரியாதையாகத்தான் இருப்பார்கள், தலைவரின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். கொஞ்சம் பழகிய பிறகுதான் மாற்றுக் கருத்து வெளியே வரும்.

இதைக் கால அட்டவணையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டக்மன் படித்த கட்டுரைகளில் பெரும்பகுதி மனநலச் சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியது, அலுவலகக் குழுக்களைப் பற்றியது அல்ல. நடைமுறையில் குழுக்கள் முன்னும் பின்னும் போய்வரும். முக்கியமான ஒருவர் போனாலோ, இலக்கு மாறினாலோ, கடந்துவந்த கட்டத்துக்கே திரும்பவும் போக நேரிடும். ஆளை மாற்ற வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆள் சேர்ப்பதைப் பொறுத்தவரை கணக்கே பதில் சொல்லிவிடும். ஏழு பேருக்குள் இருவர் இருவராகப் பேச வேண்டிய தொடர்புகள் 21. ஒன்பது பேரானால் 36. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களும் ஏற்கெனவே வேலை நெருக்கடியில் இருப்பவர்கள்தான். தாமதமான மென்பொருள் புராஜெக்டில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று அமெரிக்கக் கணினி வல்லுநர் ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதினார். சேர்த்தே ஆக வேண்டும் என்றால், சோதனை, ஆவணம் எழுதுவது போல, தனியாகப் பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலைகளுக்குச் சேருங்கள்.

சரி, அந்த இருவரை என்ன செய்வது? தலைவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். "சண்டை வேண்டாம், வேலையைப் பாருங்கள்" என்று சிலர் வாயை அடைத்துவிடுகிறார்கள். அப்போது மோதல் மீட்டிங்கை விட்டு வெளியேறி, ஆளில்லாத நேரத்துப் பேச்சாக மாறுகிறது. சிலர் தாங்களே சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். இரண்டுமே கெடுதல்.

முதலில் இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்பதை, அந்த நபரே "ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்" என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு விளக்கச் சொல்லுங்கள். பல நேரம் இதிலேயே உண்மையான காரணம் வெளிவந்துவிடும்: ஒருவர் சீக்கிரம் முடிப்பதை முக்கியமாக நினைக்கிறார், இன்னொருவர் பின்னால் மாற்றுவதற்கு எளிதாக இருக்க வேண்டும் என்கிறார். அப்படியானால் பிரச்சினை வடிவமைப்பில் இல்லை. இந்தப் புராஜெக்டுக்கு எது முக்கியம் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. வாடிக்கையாளரிடம் கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டியது உங்கள் பொறுப்பு. அதன் பிறகு, எந்த நாளுக்குள் முடிவு, யார் முடிவெடுப்பார், எதை வைத்து எடுப்பார் என்று மூன்றையும் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். இரண்டு வடிவங்களையும் சின்ன அளவில் செய்துபார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. முடிவையும் காரணத்தையும் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அதே விவாதம் அடுத்த மாதமும் வரும்.

ஒரு கோட்டை மட்டும் தாண்டவிடாதீர்கள். "இந்த வடிவம் சுமை தாங்காது" என்பது வேலையைப் பற்றிய பேச்சு. "உங்களுக்கு எப்பவுமே இது புரியாது" என்பது ஆளைப் பற்றிய பேச்சு. இரண்டாவது வந்தால் அந்த மீட்டிங்கிலேயே நிறுத்துங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது, நீங்கள் எழுதாமல் விட்ட மற்ற நான்கு பேர். அவர்கள் பேசுகிறார்களா? நிர்வாகத் துறை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகளைப் பயமில்லாமல் பேச முடிந்தது என்பதுதான் அவர் கண்ட விளக்கம். யாராவது கெட்ட செய்தியோடு வந்தால், அந்த முதல் நிமிடத்தில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதை மற்ற எல்லாரும் கவனிப்பார்கள். அதைப் பொறுத்துத்தான் அடுத்த கெட்ட செய்தி உங்களிடம் வந்து சேரும்.

அப்புறம், இன்னொரு வாய்ப்பு உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதே துறை ஆய்வாளர் கோனி கெர்சிக் 1988இல் வெளியிட்ட ஆய்வில் எட்டுக் குழுக்களைப் பின்தொடர்ந்தார். ஒரு வாரமோ ஆறு மாதமோ, கொடுத்த காலத்தில் ஏறக்குறைய பாதி கழிந்ததும் அவை பழைய அணுகுமுறையைக் கைவிட்டுப் புதிதாகத் திட்டமிட்டன, வெளியே உள்ளவர்களிடமும் கருத்துக் கேட்டன. உங்கள் பாதிவழி மூன்றாம் மாத முடிவு. அந்த வாரத்தில் அரை நாள் ஒதுக்கி, மீதி மூன்று மாதத்தில் எதைச் செய்வோம், எதை விடுவோம் என்று குழுவோடு உட்கார்ந்து முடிவுசெய்யுங்கள். பின்தங்கிய வேலைக்கு ஆள் சேர்ப்பதைவிட, வேலையின் அளவைக் குறைப்பதுதான் பெரும்பாலும் உதவும்.

வேலை சீராக ஓடத் தொடங்கியதும் நீங்கள் கொஞ்சம் ஒதுங்கிவிடலாம். அப்போது தடைகளை நீக்கிக்கொடுத்தால் போதும்.

தெளிவாக முடிவெடுத்த பிறகும் ஒருவர் அதை மறைமுகமாகக் கெடுத்தால், அல்லது தனியாகச் சொல்லியும் சக ஊழியர்களை மட்டம் தட்டினால், அப்போது மாற்றுங்கள், தள்ளிப்போடாதீர்கள். மாற்றியதை மற்றவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, இலக்கு என்ன, யாருக்கு என்ன வேலை என்பதை முதல் நாள் செய்ததுபோலவே மறுபடியும் பேசி முடிவுசெய்யுங்கள்.