ஒப்படைக் கேள்விகள்: போத்தல் மழைமானி முதல் முகத்துவாரம் வரை

மாரி தொடங்கியதும் நமக்கு வரும் கடிதங்களில் பாதி வானிலை ஒப்படை பற்றியவை. பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: மகன் சோடாப் போத்தலில் மழைமானி செய்தான். போன புதன்கிழமை பின்னேரம் பார்த்தபோது 22 மில்லிமீற்றர். இரவுச் செய்தியில் மட்டக்களப்புக்கு 61 என்றார்கள். 22ஐ அழித்துவிட்டு 61 என்று எழுதப்போகிறேன் என்கிறான். விடலாமா?
(ஒரு தகப்பன், ஆரையம்பதி)

விடாதீர்கள். 22 சரியாகவே இருக்கலாம். ஒக்டோபர், நவம்பரில் இடியோடு வரும் மழை ஊருக்கு ஊர் மாறும். காத்தான்குடியில் வெள்ளம் ஓட, ஆரையம்பதியில் முற்றம் நனைந்ததோடு நின்றுவிடும். நேரமும் வேறு. வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைநாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது. பின்னேரம் பார்த்த அளவை அதோடு ஒப்பிட முடியாது. மகனும் தினமும் காலை 8.30க்குப் பார்க்கட்டும். பாடசாலை நாளில் நீங்கள் பாருங்கள். யார் பார்த்தது என்று அட்டவணையில் ஒரு நிரல் போட்டால் போதும்.

போத்தலையும் ஒருமுறை சோதியுங்கள். பெரும்பாலான பிழை அடிப்பகுதியில்தான். சோடாப் போத்தலின் அடி ஐந்து குமிழாகப் பிரிந்திருக்கும். அந்தக் குழிகள் நிரம்பும்வரை அடிமட்டம் பொய் சொல்லும். குழி மறையும்வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூச்சியக் கோடு போடச் சொல்வார்கள். நம் வெயிலுக்கு அது சரிவராது. மழையில்லாத இரண்டு நாளில் நீர் ஆவியாகிக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும், பிள்ளை சயமழை (பூச்சியத்துக்குக் குறைந்த மழை) எழுத வேண்டி வரும். ஒரு பிடி சீமெந்தும் மணலும் குழைத்து ஊற்றி, போத்தலைத் தட்டி மட்டமாக்கி, ஒரு நாள் காய விடுங்கள். காய்ந்த சீமெந்து தண்ணீரை உறிஞ்சும். ஆகவே வெளியே வைக்குமுன் நனைத்துக் கவிழ்த்துவிடுங்கள்.

அடுத்தது போத்தலின் இடை. நடுவில் ஒடுங்கிய போத்தலில் அடிமட்டம் உதவாது, கனவளவால் அளக்க வேண்டும். வெட்டிய மேற்பகுதியைத் தலைகீழாகப் புனல்போல் செருகியிருப்பீர்கள். அதன் விளிம்பைச் சுற்றி நூல் வைத்துப் பாருங்கள். சுற்றளவு 28 சென்ரிமீற்றர் என்றால், 28ஐ 28ஆல் பெருக்கி 12.57ஆல் வகுக்கப் பரப்பு ஏறக்குறைய 62.4 சதுர சென்ரிமீற்றர் வரும். அப்படியானால் 1 மில்லிமீற்றர் மழைக்குப் போத்தலில் 6.24 மில்லிலீற்றர் சேரும். பார்மசியில் வாங்கும் 10 மில்லிலீற்றர் சிறிஞ்சால் உறிஞ்சி எண்ணினால் அடிமட்டத்தைவிட இது நுட்பமானது. ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தாலும் 624 மில்லிலீற்றர்தான், ஒன்றரை லீற்றர் போத்தல் தாங்கும்.

வைக்கும் இடம்: தென்னைக்குக் கீழே கூடாது, ஓலையில் வழிவது மழைக்கணக்கில் வராது. மரமோ மதிலோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தள்ளி வையுங்கள். வளவு சிறிதென்றால் உள்ளதில் வெளியான இடத்தைப் பிடித்து, அதையும் எழுதுங்கள். வாய் நிலத்திலிருந்து 30 சென்ரிமீற்றராவது உயர்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் மணல் தெறித்து உள்ளே விழும். அளந்ததும் தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள். நுளம்புப் பரிசோதனைக்கு வருபவர்களிடம் ஒப்படை என்று விளக்கம் சொல்லும் நிலை வேண்டாம்.

கேள்வி: ஓகஸ்டில் இரண்டு கிழமை அளந்து, ‘மட்டக்களப்பின் காலநிலை வறண்டது’ என்று முடிவு எழுதினேன். ஆசிரியர் வெட்டிவிட்டார். மழையே பெய்யவில்லையே?
(தரம் 7 மாணவன், ஏறாவூர்)

இரண்டு கிழமையில் நீங்கள் பார்த்தது வானிலை. காலநிலை என்று சொல்ல வழக்கமாக 30 வருடச் சராசரி எடுப்பார்கள். நாம் உலர் வலயத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் உலர் வலயம் என்றால் ஆண்டு மழை 1750 மில்லிமீற்றருக்குக் குறைவு என்றுதான் பொருள், மழையே இல்லை என்றல்ல. நமக்கு அதில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து பெப்ரவரிக்குள் கொட்டிவிடும். அதே அட்டவணையை டிசம்பரில் இரண்டு கிழமை நிரப்பிப் பக்கத்தில் வையுங்கள், வெட்டியது ஏன் என்று விளங்கும்.

கேள்வி: ஜாம் போத்தலின் வாயில் பலூனைக் கட்டி, மேலே ஸ்ட்ரோ ஒட்டி, வகுப்பில் எல்லோரும் பாரமானி செய்தார்கள். எல்லாமே காலையில் உயர் அமுக்கம், பின்னேரம் தாழமுக்கம் என்று காட்டுகின்றன. வானத்தில் முகில்கூட இல்லை. எங்கே பிழை?
(ஆசிரியை, களுவாஞ்சிக்குடி)

டீச்சர், உங்கள் வகுப்பில் இருப்பது பாரமானி அல்ல, வெப்பமானி. போத்தலுக்குள் அடைபட்ட காற்று 1 பாகை செல்சியஸ் சூடானால் அதன் அமுக்கம் சுமார் 3.4 ஹெக்டோபஸ்கால் ஏறும். வகுப்பறை காலையிலிருந்து பின்னேரத்துக்குள் 6 பாகை சூடேறினால் 20 ஹெக்டோபஸ்கால். பலூன் மேலே புடைக்கும், ஸ்ட்ரோவின் நுனி கீழே சாயும், பிள்ளை ‘தாழமுக்கம்’ என்று எழுதும். வெளியே உண்மையான அமுக்கம் அவ்வளவு இறங்கினால் பாடசாலைக்குப் புயல் விடுமுறை விட்டிருப்பார்கள்.

அசல் அமுக்கமும் நம் பகுதியில் தினம் இரு தடவை ஏறி இறங்குகிறது. காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் உச்சம். அதிகாலை 4க்கும் பின்னேரம் 4க்கும் தாழ்வு. வித்தியாசம் 3, 4 ஹெக்டோபஸ்கால்தான். பலூன் காட்டுவதில் பெரும்பகுதி வெப்பம், கொஞ்சம்தான் அமுக்கம். இந்தக் கருவியை விளக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. அங்கே ஒரு கிழமைக்குள் அமுக்கம் 30 ஹெக்டோபஸ்கால் மாறுவது சாதாரணம், அறையும் ஒரே சூட்டில் இருக்கும். இங்கே இரண்டும் இல்லை.

எறியவும் தேவையில்லை. போத்தலை மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, ஸ்ட்ரோவுக்கு மட்டும் ஒரு பிளவு விட்டு, வெயில் படாத உள்ளறையில் வையுங்கள். தினமும் காலை 10 மணிக்கு மட்டும் பாருங்கள். பக்கத்தில் ஒரு வெப்பமானி வைத்து அதன் அளவையும் எழுதுங்கள். இறப்பர் வழியே காற்று மெல்லக் கசியும், ஆகவே மூன்று நாளைக்கு ஒரு பலூன். பிள்ளைகளுக்குப் பிழையைக் கண்ணால் காட்ட வேண்டுமென்றால், போத்தலை ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரில் கழுத்தளவு அமிழ்த்துங்கள். ஐந்து நிமிடத்தில் ‘உயர் அமுக்கம்’ வந்துவிடும். நம்மைக் கேட்டால் ஒப்படையின் தலைப்பையே ‘இது ஏன் பாரமானி அல்ல’ என்று மாற்றிக் கொடுக்கலாம்.

கேள்வி: தென்மேற்குப் பருவக்காற்று மழை தரும் என்று புத்தகத்தில் உள்ளது. எங்களுக்கு அந்தக் காலத்தில் கச்சான் காற்று அனலாக அடிக்கிறது. வாப்பாவிடம் கேட்டேன், ‘அது அப்பிடித்தான் மகள்’ என்கிறார். இதை எப்படி அளந்து காட்டுவது?
(தரம் 9 மாணவி, சம்மாந்துறை)

புத்தகமும் சரி, வாப்பாவும் சரி. அந்தக் காற்று மழையைக் கொண்டுவந்து மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் இறக்கிவிடுகிறது. ஏறும்போது நீராவி ஒடுங்கி வெப்பத்தை வெளிவிடுவதால், முகிலுக்குள் காற்று ஒரு கிலோமீற்றருக்கு 5, 6 பாகைதான் குளிரும். ஈரம் போன பிறகு நம் பக்கம் இறங்கும்போது கிலோமீற்றருக்கு 10 பாகை சூடாகிறது. ஏறியபோது இழந்ததைவிட இறங்கும்போது பெறுவது அதிகம். மிச்ச வேலையை அம்பாறைச் சமவெளியின் வெயில் செய்கிறது.

அளக்க ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானி வேண்டும். முதலில் இரண்டையும் உலர்வாகவே அரை மணித்தியாலம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலிவான வெப்பமானிகளுக்குள் 1 பாகை வித்தியாசம் சாதாரணம், அதைக் குறித்துப் பின்னர் கழியுங்கள். ஒன்றின் குமிழில் பழைய வெள்ளைப் பருத்தித் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, வால் பகுதியை யோகட் கோப்பைத் தண்ணீரில் விடுங்கள். துணியில் கஞ்சியோ சவர்க்காரமோ இருக்கக்கூடாது. தண்ணீர் மழைத்தண்ணீராக இருக்கட்டும். கரையோரக் கிணற்று நீர் என்றால் நாலைந்து நாளில் உப்புப் படிந்து துணி நீரை இழுக்காது, ஈரக்குமிழ் உலர்குமிழைப்போலவே காட்டும்.

நிழலில் தொங்கவிட்டு, அப்பியாசக் கொப்பியால் மூன்று நிமிடம் விசிறி, ஈரக்குமிழை முதலில் வாசியுங்கள். உலர்குமிழ் 35, ஈரக்குமிழ் 26 என்றால் சாரீரப்பதன், அதாவது அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் இருக்கும் பங்கு, ஏறக்குறைய 50 சதவீதம். கடற்காற்று அடிக்கும் நாளில் 32, 28 என்று வந்தால் 73 அளவில் இருக்கும். கச்சான் அடிக்கும் நாளிலும் அடிக்காத நாளிலும் பகல் 2 மணிக்கு அளந்து பக்கம் பக்கமாக எழுதுங்கள். கொப்பியை வாப்பாவிடமும் காட்டுங்கள்.

கேள்வி: வற்றுப்பெருக்கு ஒப்படைக்காக வாவியில் கம்பு நட்டு ஏழு நாள் அளந்தோம். மட்டம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.
(தரம் 8 மாணவர்கள், குருக்கள்மடம்)

முகத்துவாரத்தை மணல் மூடியிருந்திருக்கும். கோடையில் மணல்மேடு அடைத்துவிட்டால் வாவிக்கும் கடலுக்கும் தொடர்பில்லை. திறந்திருந்தாலும் 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவிக்குள், இடுங்கிய வாயால் நுழையும் பெருக்கு உங்கள் ஊருக்கு வருமுன் தேய்ந்துவிடும். நம் கடலிலேயே வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்குக் குறைவு. உங்கள் ஏழு நாள் அளவு வீணல்ல. ‘வாவி மட்டமும் முகத்துவாரமும்’ என்று தலைப்பிட்டு, மழை பெய்து, முகத்துவாரத்து மணலை வெட்டி ஆற்றுவாய் திறந்த பிறகு இன்னும் ஏழு நாள் சேர்த்தால் நல்ல ஒப்படை.

வற்றுப்பெருக்கே வேண்டுமென்றால் வாழைச்சேனைத் துறைமுகம்போல் கடலோடு தொடுத்த, அலை குறைந்த இறங்குதுறைக்குப் பெரியவர் ஒருவரோடு போங்கள். இரண்டு அங்குலப் பீ.வீ.சீ. குழாயின் கீழ்முனையை அடைத்து, அடைப்பில் பென்சில் பருமனுக்கு ஒரு துளை மட்டும் விட்டு, தூணில் நிமிர்த்திக் கட்டுங்கள். உள்ளே ஒரு ரெஜிபோம் மிதவை, அதில் குத்திய ஈர்க்கு. அலையின் துள்ளல் சிறு துளையால் உள்ளே வராது, மட்டம் மட்டும் வரும். பறுவத்தன்று காலை 6 முதல் மாலை 6 வரை மணிக்கொரு தடவை குறித்தால் ஒரு பெருக்கும் ஒரு வற்றும் கட்டாயம் அகப்படும். அடுத்த நாள் அவை 50 நிமிடம் அளவில் பிந்தி வரும். வெட்டிய புதிதில் ஆற்றுவாய்ப் பக்கம் மட்டும் போகவேண்டாம், நீர் இழுத்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி: 1978 சூறாவளியின் பெயர் என்ன? இணையத்தில் தேடியும் கிடைக்கவில்லை.
(தரம் 8 மாணவி, கல்லடி)

பெயர் இல்லை. வட இந்து சமுத்திரப் புயல்களுக்குப் பெயர் வைப்பது 2004இல்தான் தொடங்கியது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கியதற்குத் திகதிதான் அடையாளம்.

பெயர் தேடுவதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று இருக்கிறது. அம்மம்மாவிடமும் அயலில் உள்ள பெரியவர்களிடமும், அன்று காற்று முதலில் எந்தப் பக்கமிருந்து அடித்தது, பிறகு எந்தப் பக்கம் மாறியது என்று கேளுங்கள். எந்தப் பக்கத்துக் கூரை போனது, தென்னை எந்தப் பக்கம் விழுந்தது என்றும் கேட்கலாம். நம் அரைக்கோளத்தில் புயல் மணிக்கூட்டுக்கு எதிராகச் சுழலும். கிழக்கிலிருந்து வரும் புயல் முதலில் வடக்குக் காற்றைத் தரும். அது பின்னர் கிழக்குக்குத் திரும்பியிருந்தால் புயலின் கண் அந்த ஊருக்குத் தெற்கே போயிருக்கிறது. மேற்குக்குத் திரும்பியிருந்தால் வடக்கே. நடுவில் காற்று அடங்கிப் பிறகு எதிர்ப்பக்கமிருந்து அடித்தது என்றால் கண்ணே ஊருக்கு மேலால் போயிருக்கிறது. பத்து ஊரில் பத்துப் பேரைக் கேட்டு வரைபடத்தில் அம்புக்குறி போட்டால் புயல் போன பாதையை நீங்களே வரையலாம். அன்று பதினைந்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய அனர்த்தப் பட்டியலில் 2004 சுனாமியையும் ‘வானிலை அனர்த்தம்’ என்று சேர்த்திருக்கிறீர்கள். அது சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலநடுக்கத்தால் வந்தது, வானிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. வேறு தலைப்பின் கீழ் எழுதுங்கள்.

கேள்வி: மிதக்கும் ஐஸ் உருகினால் மட்டம் ஏறாது என்று பாடம். கடல்நீரில் செய்து பார்த்தேன், கோட்டுக்கு மேலே ஒரு மயிரிழை ஏறியது. பிழை என்று புள்ளி குறைத்துவிட்டார்கள்.
(தரம் 9 மாணவன், கல்முனை)

நீங்கள் பார்த்தது உண்மையாக இருக்கலாம். பாடத்தில் உள்ளது நன்னீருக்கு. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. அதில் மிதக்கும் 100 கிராம் ஐஸ் 97.6 மில்லிலீற்றர் இடத்தைத்தான் பிடிக்கும், உருகியதும் 100 மில்லிலீற்றர் ஆகிவிடும். 7 சென்ரிமீற்றர் அகலமான கிளாஸில் அந்த 2.4 மில்லிலீற்றர் அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல் ஏற்றும். அதே ஐஸை நீருக்கு வெளியே ஒரு கல்லின்மேல் வைத்து உருகவிட்டால் ஏற்றம் 26 மில்லிமீற்றர். நிலத்தில் கிடக்கும் பனிக்கும் கடலில் மிதக்கும் பனிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆனால் இன்னொரு சந்தேகத்தையும் தீர்க்க வேண்டும். நம் ஈரக்காற்றில் ஐஸின்மேல் நீராவி ஒடுங்கித் தண்ணீராகி உள்ளே வடியும். அதுவும் ஒரு மயிரிழை ஏற்றும். கிளாஸைச் சிறு தட்டால் மூடி, பக்கத்திலேயே நன்னீரும் ஐஸும் உள்ள இன்னொரு கிளாஸையும் மூடி வையுங்கள். ஐஸ் அடியைத் தொடாமல் மிதக்கட்டும். கோடு போடுவது ஐஸைப் போட்ட பிறகு, மெல்லிய முனையுள்ள பேனையால். நன்னீர்க் கிளாஸ் கோட்டிலேயே நின்று கடல்நீர்க் கிளாஸ் மட்டும் ஏறினால் இரண்டையும் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். இரண்டும் ஏறியிருந்தால் தட்டு சரியாக மூடவில்லை, திரும்பச் செய்யுங்கள்.