ரீவி விற்ற நானாவுக்காக நான் அழலாமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 53 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன். போன மாதம் ஒருவர் இறந்துபோனார். அவர் எனக்குச் சொந்தமில்லை, ஊர்க்காரரும் இல்லை, சமயமும் வேறு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் ரீவி விற்றவர். நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒன்பது நாள் கழித்துத்தான் எனக்குச் செய்தி வந்தது. அன்றிலிருந்து அழுகை அடங்கவில்லை.

1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியது. அந்த வருட ஆவணியில் அப்பா தவணைக்கு ஒரு ரீவி வாங்கினார். நானும் கூடப் போனேன், ஒன்பது வயது. மற்றக் கடைகளில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். நானா பெட்டியை மெதுவாகத் திருப்பி வைத்து, தோளில் கிடந்த துவாயால் பின்பக்கத் தூசியைத் துடைத்தார். "முன்னுக்கு எல்லாம் வடிவாத்தான் தெரியும் மாஸ்டர். காத்துப் போற இந்த ஓட்டைகளைப் பாருங்க. சுவரோட ஒட்டி வைச்சா சூடாகிப் பழுதாகிடும்" என்றார். அப்பா கேட்டதைவிட விலை குறைந்த பெட்டியைத்தான் எடுத்துத் தந்தார். எங்கள் சின்ன ஹோலுக்கு அது போதுமாம்.

பதினெட்டுத் தவணையில் பன்னிரண்டு கட்டியாகிவிட்டது. 83 ஜூலை 25ஆம் திகதி, தமிழருக்கு எதிரான கலவரத்தில் வீடு எரிந்தது. ரீவியும் போனது. சான்றிதழ்கள் இருந்த பையை மட்டும் அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதிகளாக இருந்தோம், பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம்.

85இல் கொழும்புக்குத் திரும்பியதும் அப்பா அந்தக் கடைக்குப் போனார். கடனாளியாக இருக்க அவருக்கு மனமில்லை. நானா கொப்பியைத் திறந்து பார்த்து, "உங்கட கணக்கு முடிஞ்சுது மாஸ்டர்" என்றார். பையில் தப்பியிருந்த தவணை அட்டையை வாங்கி, மிச்சம் இருந்த ஆறு கட்டத்திலும் தன் பேனையால் சரி போட்டுக் கொடுத்தார். முதலாளி விட்டுவிட்டார் என்று அப்பா நம்பினார். நானாவின் சம்பளத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்பது பல வருடம் கழித்து, அங்கே வேலை செய்த இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்தது. அப்பா ஓடிப்போய்க் கேட்டபோது, "அதெல்லாம் பழைய கதை" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அப்புறம் அவர் எங்கள் வீட்டு ஆள் மாதிரித்தான். 96 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தன்று படம் புள்ளி புள்ளியாக வந்தது. அப்பா போன் எடுத்ததும் வந்து, கூரையில் ஏறி அன்ரனாவைத் திருப்பினார். "இப்ப சரியா? இப்ப?" என்று மேலே இருந்து அவர் கேட்க, நான் யன்னலில் நின்று கத்தினேன். அரவிந்த டி சில்வா 107 ஓட்டம் அடித்ததை எங்களோடு இருந்துதான் பார்த்தார். அப்பா செத்த வீட்டில் கதிரை அடுக்கியதும் அவர்தான்.

இந்த நோன்புப் பெருநாளுக்குக் கொஞ்ச நாள் கழித்து அவருடைய அழைப்பு வந்தது. சமையலில் நின்றேன். "பிறகு எடுக்கிறேன் நானா" என்று வைத்தேன். எடுக்கவில்லை.

"தெரிந்த கடைக்காரர்தானே, வயதும் போய்விட்டது" என்கிறார் என் கணவர். யாரென்று சொல்லி நான் அழுவது? எனக்கு ஏதும் மனக்கோளாறா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

அழலாம். கோளாறு ஒன்றும் இல்லை. நாற்பது வருடத்துக்கு மேல் பழகிய ஒருவர் போய் ஒரு மாதம்தான் ஆகிறது.

உங்களுக்கு இல்லாமல் போனது அழுவதற்கு ஓர் இடம். சொந்தக்காரர் என்றால் எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி என்று ஆட்கள் வந்து போயிருப்பார்கள், அவரைப் பற்றிப் பேசியிருப்பார்கள். நானாவின் ஜனாஸா அடக்கம் அவர்கள் முறைப்படி உடனேயே முடிந்திருக்கும். அதுவும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. சுற்றியிருப்பவர்கள் கணக்கில் எடுக்காத இப்படிப்பட்ட துயரத்தைப் பற்றி கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர் 1989இல் ஒரு நூலே கொண்டுவந்தார். செத்தவரோடு இருந்த உறவை மற்றவர்கள் உறவென்று ஏற்காததை அதற்கு ஒரு முக்கிய காரணமாகச் சொல்கிறார். "யாரென்று சொல்லி அழுவது" என்று நீங்கள் கேட்பது அதைத்தான்.

உங்கள் கடிதத்தில் அந்த ஆறு சரி அடையாளங்களில்தான் நான் நின்றுவிட்டேன். வீடு எரிந்து, முகாமில் கிடந்து, கப்பல் ஏறிய பத்து வயதுப் பிள்ளையிடம் "உனக்கு என்ன செய்யுது" என்று யாராவது கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள், பெரியவர்களுக்கே உயிர் கையில். திரும்பி வந்தபோது, நடந்தது அநியாயம் என்பதை வாயால் சொல்லாமல் ஒரு பேனையால் சொன்னவர் நானா. எரிந்த அந்த வீட்டில் எந்த மூலையில் ரீவி இருந்தது என்று அறிந்த வெளி ஆள் இனி யார் இருக்கிறார்? அப்பாவும் இல்லை. நீங்கள் இப்போது அழுவதில் 83க்கும் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன், பிழையாகவும் இருக்கலாம். ஆனால் அழுகை வரும்போது எந்தப் படம் கண்ணில் வருகிறது என்று ஒரு முறை கவனித்துப் பாருங்கள்.

அந்த அழைப்பு. அது வலிக்கத்தான் செய்யும், பரவாயில்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் "பிறகு எடுக்கிறேன்" என்று நாம் நெருங்கியவர்களிடம்தான் சொல்கிறோம். புது ஆள் என்றால் அடுப்பை அணைத்துவிட்டுப் பேசியிருப்பீர்கள்.

உங்கள் கணவர் கல்நெஞ்சக்காரர் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தெரிந்தது வயதான ஒரு கடைக்காரரை மட்டும்தான். அந்தத் தவணை அட்டையை அவர் எப்போதாவது பார்த்திருக்கிறாரா? இன்னும் இருந்தால் எடுத்து அவர் கையில் கொடுங்கள். விளக்கம் பிறகு சொல்லலாம்.

இன்னொன்று செய்யுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். நானாவின் வீட்டுக்குப் போங்கள். அவருடைய மனைவி இருந்தால் இப்போது இத்தாவில் இருப்பார், கணவரை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் நாலு மாதமும் பத்து நாளும் அது. இத்தா முடியும்வரை வெளி ஆண்கள் போய்ப் பார்ப்பதில்லை, பெண்கள் போகலாம். உங்களால் முடிகிற காரியம் அது. மன்னிப்புக் கேட்கத் துடிக்க வேண்டாம், அவர்களுக்கு அது பாரமாகிவிடும். கணக்கு முடிந்த கதையைச் சொல்லுங்கள். பழைய கதை என்று உங்கள் அப்பாவிடமே பேச்சை மாற்றியவர், தன் பிள்ளைகளிடம் அதைச் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டு மூன்று மாதம் கழித்தும் நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல், வீட்டு வேலையே ஓடாமல் இருந்தால் நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள். அதற்கு முன்பே தாங்க முடியவில்லை என்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுக்கலாம்.

போகும்போது அட்டையைக் கொண்டுபோங்கள், ஆனால் கொடுத்துவிட்டு வராதீர்கள், அது உங்கள் அப்பாவுடையது. ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த பிறகு போனால் ஆறுதலாக இருந்து பேசலாம்.

அன்புடன்,
ஆலோசகர்