உடற்கல்வி வகுப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் உடற்கல்வி ஆசிரியர். வகுப்பு தொடங்கியதுமே தலைவலி, கால்வலி என்று ஏதாவது காரணம் சொல்லிப் பலர் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆர்வமே இல்லாத இவர்களை எப்படி விளையாட வைப்பது?

பதில்: ஆர்வம் இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன்னால், ஓரத்தில் உட்காருவதன் மூலம் அவர்கள் எதிலிருந்து தப்பித்துக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள். கணக்கில் தவறு செய்த மாணவனின் பிழை அவனுடைய நோட்டுக்குள் அடங்கிவிடுகிறது. உயரம் தாண்டும்போது கம்பைத் தட்டிவிட்ட மாணவியின் பிழையையோ வகுப்பே நின்று வேடிக்கை பார்க்கிறது. அந்த அவமானத்தைவிடத் தலைவலி மேல் என்று ஒரு குழந்தை நினைத்தால், அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உடற்கல்விக் கற்பித்தல் முறைகளை 1966-இல் வகைப்படுத்திக் காட்டிய மஸ்கா மாஸ்டன் இதற்குச் சொன்ன வழி மிக எளிமையானது. தாண்டுவதற்கான கயிற்றை ஒரே உயரத்தில் கட்டினால், உயரம் கூடக்கூட ஒவ்வொருவராக வெளியேற, யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவர்களே முதலில் உட்கார நேரிடும். அதே கயிற்றை ஒரு முனை தாழ்ந்தும் மறு முனை உயர்ந்தும் இருக்குமாறு சாய்த்துப் பிடித்தால், எந்த இடத்தில் தாண்டுவது என்பதை மாணவரே தீர்மானிப்பார். யாரும் வெளியேற வேண்டியதில்லை. நான் பார்த்தவரையில், தாழ்ந்த முனையிலேயே கடைசிவரை நிற்பவர்கள் குறைவு. பெரும்பாலோர் தாமாகவே ஓரிரு அடி உயர்ந்த பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள். கூடைப்பந்தில் எறியும் தூரத்தையும், கைப்பந்தில் வலையின் உயரத்தையும் பந்தின் எடையையும் இப்படியே மாற்றி அமைக்கலாம்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்னும் உளவியலாளர்கள், தானாக எழும் ஊக்கம் நிலைப்பதற்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறார்கள்: தன் விருப்பப்படி செய்கிறோம் என்ற உணர்வு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, உடன் இருப்பவர்கள் தன்னை ஏற்கிறார்கள் என்ற உணர்வு. சாய்ந்த கயிறு முதல் இரண்டையும் தருகிறது. மூன்றாவதற்கு, அணித் தலைவர்கள் இருவரை நிறுத்தி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கச் செய்யும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். அணிகளை நீங்களே முன்கூட்டிப் பிரித்து வையுங்கள். ஒரு பந்தைச் சுற்றி வகுப்பு முழுவதையும் ஓடவிடாமல், மூவருக்கு மூவர் என்று சிறு ஆட்டங்களாகப் பிரித்தால், கூச்சமுள்ள மாணவருக்கும் பந்து அடிக்கடி கைக்கு வரும்.

ஓர் எச்சரிக்கை: பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, விருப்பப்படி விளையாடுங்கள் என்று நிழலில் உட்காருவது இந்தச் சுதந்திரம் ஆகாது. அங்கே வலுத்தவர்களின் விருப்பம் மட்டுமே நடக்கும்.

கேள்வி: ஓட்டத்தில் என் மகள் எப்போதும் கடைசி. ஓடி முடிக்கும் நேரத்தை வைத்தே மதிப்பெண் தருகிறார்கள். இது சரியா?

பதில்: சரியில்லை என்றே நினைக்கிறேன். பருவமடையும் காலத்தில் ஒரே வயதினரிடையே உடல் வளர்ச்சி சில ஆண்டுகள் முன்பின்னாக இருப்பது இயல்பு. ஆகவே அந்த நேரக் கணக்கு, உழைப்பைக் காட்டுவதைவிட யார் முன்னதாக வளர்ந்தார் என்பதையே பெரும்பாலும் காட்டிவிடுகிறது. கல்விப் பருவத்தின் தொடக்கத்தில் அவள் ஓடிய நேரத்தையும் இறுதியில் ஓடிய நேரத்தையும் ஒப்பிட்டு மதிப்பிடும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். வேண்டுமென்றே முதலில் மெதுவாக ஓடி ஏமாற்றுபவர்களும் இருப்பார்கள் என்பதால், வேகத்தைச் சீராகக் காப்பது, சக மாணவரின் ஓட்டத்தைக் கவனித்துத் திருத்தம் சொல்வது போன்றவற்றுக்கும் மதிப்பெண் ஒதுக்குவது நல்லது.

கேள்வி: வகுப்பில் பேசியவர்களைத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவைக்கலாமா?

பதில்: வேண்டாம். 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உடற்கல்வி வகுப்பின் நேரம் மட்டும் அதற்குப் போதாது. பள்ளி முடிந்த பிறகும் குழந்தை தானாக விரும்பி ஓட வேண்டும். ஓட்டத்தைத் தண்டனையாக அறிந்த குழந்தை, விடுமுறை நாளில் எதற்காக ஓடும்?