ஊட்டிக்கு லோன் வேண்டாம், சம்பளச் சீட்டை மகனிடம் காட்டுங்கள்

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர், கைக்கு 32,000 வருகிறது. நான் தையலில் 6,000 பார்ப்பேன். மகனுக்கு 13, மகளுக்கு 8. பக்கத்து வீட்டில் ஞாயிறானால் எங்காவது கிளம்பிவிடுகிறார்கள், நம் வீடுதான் போர் என்று இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். இவர்களுக்காகவே பெரிய டிவியும் மகனுக்கு போனும் தவணையில் எடுத்து, மாதம் 5,200 கட்டுகிறோம். மே மாதம் ஊட்டி போக 60,000 பர்சனல் லோன் எடுக்கலாமா? இருப்பதை வைத்துச் சந்தோஷப்பட இவர்களை எப்படிப் பழக்குவது?

பதில்: லோன் வேண்டாம், சகோதரி. 16 சதவீத வட்டியில் இரண்டு வருஷத்துக்கு எடுத்தால் மாதத் தவணை 2,940 பக்கம் வரும், முடிக்கும்போது 70,500 கட்டியிருப்பீர்கள். இப்போது போகிற 5,200-ஐயும் கூட்டிப் பாருங்கள், உங்கள் தையல் காசு முழுக்கப் போய், அவர் சம்பளத்திலும் இரண்டாயிரம் கரையும்.

அடுத்த கேள்விதான் முக்கியம். டிவியும் போனும் வந்த விதத்தில் பிள்ளைகள் கற்றுக்கொண்டது, முகத்தைத் தூக்கினால் பொருள் வரும் என்பதுதான். அதற்காக உட்கார வைத்து "உங்களுக்காக எவ்வளவு கஷ்டப்படுகிறோம் தெரியுமா" என்று ஆரம்பித்துவிடாதீர்கள், அது பெற்ற பிள்ளையிடம் பாக்கி வசூலிக்கிற பேச்சு, அதைக் கேட்டு எந்தப் பிள்ளைக்கும் நன்றி வந்து நான் பார்த்ததில்லை.

சம்பளம் வந்த அன்று ராத்திரி, அப்பாவே அந்தச் சீட்டை மகன் கையில் கொடுக்கட்டும். அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, அதில் பி.எஃப். 12 சதவீதம் பிடித்தம், ஓவர்டைம் பார்த்திருந்தால் அந்தத் தொகை தனியாக இருக்கும். ஓவர்டைம் தொகையில் விரலை வைத்து "இது அன்றைக்கு நான் லேட்டாக வந்தேனே, அது" என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். அப்புறம் வாடகை, பள்ளி, மளிகை, தவணை என்று ஒரு நோட்டில் மகனே கழித்து எழுதட்டும். கடைசியில் மிஞ்சுகிற தொகையைப் பார்த்து அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பான், இருக்கட்டும், நீங்களும் குறுக்கே பேசாதீர்கள்.

மகளுக்கு இதெல்லாம் இப்போது புரியாது. அவளுக்கு கரண்ட் மீட்டரைக் கொடுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் கட்டணம் எகிறும், வாரா வாரம் எண்ணைக் குறித்து வைப்பது அவள் பொறுப்பு. போன தடவையைவிட பில் குறைந்தால் அந்த வித்தியாசம் பிள்ளைகளுக்கு, எதில் செலவு செய்வது என்று அவர்களே முடிவு செய்யட்டும். ஆற்காடு மக்கன் பேடா வாங்கித் தின்றே தீர்த்தாலும் பரவாயில்லை.

ஞாயிறுக்கு ஒரு யோசனை. பிரியாணியை வீட்டிலேயே போடுங்கள், ஆனால் நீங்கள் சமைத்து அவர்கள் தின்பதாக இருக்கக் கூடாது. சீரக சம்பா அரிசியும் கறியும் வாங்கி வந்து கணக்கு எழுதுவது மகன், வெங்காயம் உரிப்பது மகள், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் அப்பா பாடு. நாலு பேர் ஹோட்டலில் சாப்பிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அவனே பக்கத்தில் எழுதட்டும். அந்த வித்தியாசம் ஊட்டி உண்டியலுக்கு. வேலைக்குக் கூலி மாதிரி காசு கொடுக்கச் சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை, தன் வீட்டில் வெங்காயம் உரிக்கக் கூலி எதற்கு?

நம்ம ஊர் மே மாத வெயிலில் வீட்டிலேயே கிட என்று சொல்வதும் பாவம்தான். ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து பஸ் பிடித்து ஏலகிரி போய் வாருங்கள், 14 கொண்டை ஊசி வளைவுக்கே பிள்ளைகள் குதிப்பார்கள், கையிலிருக்கும் காசே போதும்.

மகனுக்கு 10 வயது தாண்டிவிட்டதால் தபால் ஆபீசில் 500 ரூபாய் கட்டி அவன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், உண்டியல் காசு அங்கே போகட்டும். மகளுக்கு 10 முடிவதற்குள் செல்வமகள் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள், வட்டி 8.2 சதவீதம், வருஷத்துக்கு 250 கட்டினாலும் கணக்கு ஓடும். போன் தவணை முடிகிற மாதம் அந்தத் தொகையை அப்படியே அதற்குத் திருப்புங்கள். டிவி தவணையும் முடிந்த பிறகு ஊட்டிக்கு மாதம் ஆயிரம் எடுத்து வைத்தால், அடுத்த வருஷ மே மாதமோ அதற்கடுத்ததோ கடன் இல்லாமல் போகலாம்.