தரை ஒன்று, வளைவு வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு குளிர்காலமாக இங்கிலாந்தின் வால்வர்ஹாம்ப்டன் மைதானத்தில் சனிக்கிழமை இரவு குதிரை ரேஸ்களைக் கவனித்து வருகிறேன். போன வாரம் 7 ஃபர்லாங் 36 கஜம், 0-60 ஹேண்டிகேப் (ரேட்டிங் 60 வரையுள்ள குதிரைகள் தரத்துக்கேற்ற எடை சுமந்து ஓடும் ரேஸ்), பன்னிரண்டு குதிரைகள். நான் எடுத்தது 9/4 ஃபேவரிட், அதாவது 4 கட்டினால் 9 லாபம் தரும், பலரும் நம்பிய குதிரை. அதன் கடைசி மூன்று ஓட்டமும் நியூகாசிலில், 7 ஃபர்லாங்கில்: 1-2-1. இரண்டு மைதானத்திலும் டாபெட்டா தரைதான். அங்கே பின்னாலிருந்து கிளம்பி எல்லோரையும் தாண்டிய குதிரை, இங்கே 11-ம் ஸ்டாலிலிருந்து (தொடக்க வாயில்; எண் ஏற ஏற உள்வேலியிலிருந்து தள்ளிப் போகும்) ஓடி ஒன்பதாவதாக வந்தது. 3-ம் ஸ்டாலில் இருந்த 14/1 குதிரை தொடக்கம் முதல் முன்னால் ஓடியே ஜெயித்துவிட்டது. ரேஸ் நேரம் 1 நிமிடம் 28.5 விநாடி, அதில் கடைசி இரண்டு ஃபர்லாங் 23.4. தரை, தூரம், ஃபார்ம் (அண்மை ஓட்டங்களின் பலன்) மூன்றும் ஒத்துவந்தும் ஏன் இப்படி? இனி அந்தக் குதிரையை விட்டுவிடலாமா?

எஸ்., வால்சால்

அன்புள்ள எஸ்.,

கேள்வியிலேயே நேரத்தையும் ஸ்டாலையும் எழுதியிருக்கிறீர்கள். பதில் அவற்றில்தான் இருக்கிறது.

டாபெட்டா என்பது மணல், மெழுகு, ரப்பர், இழை கலந்த கலவையின் பெயர். குளம்பு எவ்வளவு அழுந்தும், முகத்தில் எவ்வளவு மண் அடிக்கும் என்பதை அது சொல்லும். மைதானத்தின் வடிவத்தைச் சொல்லாது. நியூகாசிலில் 5 ஃபர்லாங் முதல் ஒரு மைல் வரை எல்லாமே நேர்ப்பாதை. அகலமானது, முடிவை நோக்கி ஏறிப் போவது. பின்னால் காத்திருக்கும் குதிரைக்கு வழி கிடைக்கும். முன்னால் ஓடியவை ஏற்றத்தில் தளரும். வால்வர்ஹாம்ப்டன் ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மைல்தான். வளைவு இறுக்கம், கடைசி நேர்ப்பாதை இரண்டு ஃபர்லாங்கைத் தொடாது. அங்கே உதவிய ஓட்டமுறையே இங்கே குதிரைக்குப் பாரமாகிவிட்டது.

நீங்கள் அனுப்பிய நேரத்தைக் கணக்குப் போடுவோம். 220 கஜம் ஒரு ஃபர்லாங் என்பதால், 7 ஃபர்லாங் 36 கஜம் என்பது 7.164 ஃபர்லாங். 88.5 விநாடியை அதால் வகுத்தால் ஒரு ஃபர்லாங்குக்குச் சராசரி 12.35 விநாடி. கடைசி இரண்டில் ஒவ்வொன்றும் 11.7. முதலாவதை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் 105.6 வருகிறது. நூறை ஒட்டி இருந்தால் ஓட்டம் சீரான வேகம். இவ்வளவு மேலே போனால் முதல் பகுதி நடைபோல் போயிருக்கிறது, ஜெயித்த ஜாக்கி மூச்சைச் சேமித்து வைத்துவிட்டுக் கடைசியில் செலவழித்திருக்கிறார் என்று அர்த்தம். கடைசி இரண்டு ஃபர்லாங் தொடங்கும்போது உங்கள் குதிரை ஐந்து லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) பின்னால் இருந்தது என்று வையுங்கள். விநாடிக்கு ஏறக்குறைய ஆறு லெங்த். எட்டிப் பிடிக்க அது கடைசி இரண்டு ஃபர்லாங்கை 22.6 விநாடியில் ஓடியாக வேண்டும். 0-60 தரத்தில் அதை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. குதிரை சோடை போகவில்லை. அதற்கு வாய்ப்பு இல்லாத ரேஸில் ஓடியது.

இதோடு வளைவின் கணக்கும் சேர்கிறது. அரைவட்டத் திருப்பத்தில் உள்வேலியிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி ஓடுகிறதோ, அதைப்போல் 3.14 மடங்கு கூடுதல் தூரம். மூன்று மீட்டர் வெளியே ஓடினால் 9.4 மீட்டர், ஏறக்குறைய நான்கு லெங்த். இந்தத் தூரத்தில் ஒரு லெங்த்துக்கு இரண்டு பவுண்டு எடை என்பது பொதுவான கணக்கு. எட்டு பவுண்டு கூடுதலாகச் சுமந்ததற்குச் சமம். ஸ்டால் எண்ணைத் தனியாகப் பார்த்து '11 மோசம்' என்று சொல்வதில் பயனில்லை. பின்னால் ஓடும் பழக்கமுள்ள குதிரையை ஜாக்கி உள்ளே இழுத்து வேலியோரம் கொண்டுவந்தால் தூரம் மிஞ்சும், ஆனால் வழி அடைபடலாம். முன்னால் ஓடும் குதிரைக்கு 11 கிடைத்தால் குறுக்கே வரவே முதல் ஃபர்லாங்கில் தெம்பைக் கொட்ட வேண்டியிருக்கும். எந்த ஸ்டாலில் எந்தப் பழக்கமுள்ள குதிரை என்று சேர்த்துப் பார்த்தால்தான் டிரா (ஸ்டால் ஒதுக்கீடு) ஏதாவது சொல்லும்.

ரேஸுக்கு முன்பே இதைக் கணிக்க முடியும். ரேஸ் அட்டையில் (ஓடும் குதிரைகளின் பட்டியல்) உள்ள ஒவ்வொரு குதிரைக்கும் கடைசி நான்கு ஓட்டக் குறிப்புகளைப் படியுங்கள். 'லெட்' (முதலில் ஓடியது) என்றால் 4, 'ப்ராமினன்ட்' (முன்வரிசையில்) 3, 'மிட்ஃபீல்டு' (நடுவில்) 2, 'ஹெல்டு அப்' (பின்னால் நிறுத்தியது) 1. நான்கையும் கூட்டினால் 4 முதல் 16 வரை ஓர் எண் வரும். அதை ஸ்டால் வரிசையில் எழுதுங்கள். 13-க்கு மேல் ஒரே ஒரு குதிரை, அதுவும் உள்பக்க ஸ்டாலில் என்றால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அதுதான். மூன்று நான்கு குதிரைகள் 13-ஐத் தாண்டினால் அவை ஒன்றையொன்று அடித்துத் தீர்த்துக்கொள்ளும், பின்னாலுள்ளவற்றுக்கு வழி பிறக்கும். போன சனிக்கிழமை ரேஸுக்கு இப்போது போட்டுப் பாருங்கள். 3-ம் ஸ்டால் தனியாக நின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

பிரிட்டனின் மற்ற ஆல்-வெதர் (செயற்கைத் தரை) மைதானங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கெம்ப்டன் மட்டும் வலச்சுற்று. 5, 10 ஃபர்லாங் ரேஸ்கள் உள்வளையத்தில் நடக்கும், மற்றவை வெளிவளையத்தில். அதனால் ஒரே மைதானத்து ஃபார்மையும் வளையம் பார்த்துப் பிரிக்க வேண்டும். லிங்ஃபீல்டு கடைசி வளைவுக்கு முன் இறங்கும். 10 ஃபர்லாங் ரேஸ்கள் மெதுவாகப் போய்க் கடைசியில் பாயும் வகை, ஒரே வேகத்தில் இழுக்கும் குதிரை அங்கே தடுமாறும். செம்ஸ்ஃபோர்டில் முன்னோடிகளுக்குச் சாதகம். சவுத்வெல்லில் 2021 டிசம்பர் முதல்தான் டாபெட்டா. அதற்கு முன் ஆழமான ஃபைபர்சாண்ட் (இழை கலந்த மணல்). வயதான குதிரையின் பெயரோடு மைதானமும் தூரமும் ஜெயித்ததாக 'சிடி' குறி இருந்தால், அந்த வெற்றி எந்த ஆண்டு என்று பார்க்காமல் மதிப்பளிக்க வேண்டாம்.

ரேட்டிங்கில் நீங்கள் தொடாத ஓர் இடம் உண்டு. பிரிட்டனில் ஒரே குதிரைக்குப் புல்தரைக்கு ஒன்று, ஆல்-வெதருக்கு ஒன்று என இரண்டு ரேட்டிங் இருக்கலாம். புல்லில் 68, இங்கே 57 என்றால் பதினொரு பவுண்டு எடை லாபம் போலத் தோன்றும் (ரேட்டிங்கில் ஒரு புள்ளி ஒரு பவுண்டு). அந்த 57 எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. ஆறு ஏழு தடவை ஓடித் தோற்று இறங்கியதா, அல்லது மூன்றே ஓட்டம், மூன்றும் பொருந்தாத தூரமா? இரண்டாவது வகையைத் தேடுவதில் செலவிடும் நேரம் வீண்போகாது. ஜெயித்த குதிரை, புதிய ரேட்டிங் வருமுன் ஓடினால் ஐந்து அல்லது ஆறு பவுண்டு அபராத எடை ஏறும். புதிய ரேட்டிங் செவ்வாய் வெளியாகும், சனி முதல் நடைமுறை. இடைப்பட்ட நாட்களில் ஓடவிடுகிறார்கள் என்றால், வரப்போகும் உயர்வு அபராதத்தைவிடக் கூடுதல் என்று டிரெய்னர் நினைக்கிறாரா என்று பாருங்கள்.

கண்மறைப்பு, சீக்பீஸ் (கன்னப்பட்டை) முதல்முறை கட்டினால் அட்டையில் எழுத்துக்குப் பக்கத்தில் 1 இருக்கும். மூச்சுக்குழல் அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் ஓட்டத்தையும் 2018 ஜனவரி முதல் அறிவிக்கிறார்கள். இவை துணைச்சான்று மட்டுமே.

விலைக்கு வருவோம். 9/4 என்றால் 30.8 சதவீத வாய்ப்பு. பன்னிரண்டு குதிரை, வெளி ஸ்டால், பின்னால் ஓடும் பழக்கம், தனி முன்னோடி ஒன்று: இந்த நிலையில் அந்தக் குதிரைக்கு நான் 12 சதவீதத்துக்கு மேல் தரமாட்டேன், அதாவது 7/1-க்குச் சற்று மேல். ஆட்ஸை (பந்தய விலையை) பார்க்குமுன் எல்லாக் குதிரைக்கும் சதவீதம் எழுதி, கூட்டுத்தொகை 100 வருகிறதா என்று சரிபாருங்கள். புக்மேக்கர் (பந்தயம் வாங்குபவர்) விலைகளைச் சதவீதமாக்கினால் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டியே இருக்கும்; அந்த மிகுதி அவர் லாபம். உங்கள் எண்ணைவிட விலை தாராளமாக இல்லாவிட்டால், எவ்வளவு பிடித்த குதிரையானாலும் அந்த ரேஸைத் தாண்டிப் போங்கள்.

அறிவித்த குதிரை விலகினால் முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். முன்னோடி விலகினால் வேகமே மாறும். ஈச்-வே (வெற்றிக்கும் முதல் சில இடங்களுக்கும் சேர்த்து) கட்டியிருந்தால் இன்னொரு வம்பு: எட்டு குதிரை ஏழானால் பணம் மூன்று இடத்துக்கு இல்லை, இரண்டுக்கு மட்டும்.

உங்கள் குதிரையை விட வேண்டாம். ஒன்பதாவது என்ற எண்ணைப் பார்த்து அடுத்த முறை ஆட்ஸ் ஏறும், ரேட்டிங் தரும் ஹேண்டிகேப்பர் ஒன்றிரண்டு பவுண்டு குறைக்கவும் கூடும். நியூகாசில் நேர்ப்பாதை 7 ஃபர்லாங்குக்குத் திரும்பி, அட்டையில் 13-ஐத் தாண்டிய முன்னோடிகள் குறைந்தது இரண்டு இருந்தால் எடுங்கள். வால்வர்ஹாம்ப்டனிலேயே மறுபடி ஓடினால், ஸ்டால் நான்குக்குள் இருந்து, முன்னால் வேகமும் கிடைக்கும் என்று உங்கள் தாள் காட்டினால் மட்டும் எடுங்கள்.