ரெப்போ செட்டிங்ஸ்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கிட்ஹப்பில் (கோடைச் சேமித்துப் பகிரும் தளம்) புது ரெப்போ (ப்ராஜெக்ட்டின் கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) திறந்திருக்கிறேன். முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்?

பதில்: செட்டிங்ஸ் பக்கம் காத்திருக்கட்டும், முதலில் கிட்இக்னோர் கோப்பை, அதாவது ரெப்போவில் சேர்க்கக் கூடாதவற்றின் பட்டியலை, எழுதுங்கள். பாஸ்வேர்டு இருக்கும் என்வ் கோப்பு, நோட் மாட்யூல்ஸ் (தரவிறக்கிய துணை நிரல்கள்), பில்டு ஃபோல்டர் எல்லாம் முதல் கமிட்டுக்கு (மாற்றங்களை வரலாற்றில் பதிவதற்கு) முன்பே அதில் ஏறிவிட வேண்டும். 100 எம்பி தாண்டிய கோப்பு கமிட்டில் இருந்தால் கிட்ஹப் புஷ்ஷையே (கமிட்டுகளைத் தளத்துக்கு அனுப்புவதை) நிராகரிக்கும். அந்தக் கோப்பை அடுத்த கமிட்டில் அழித்தாலும் புஷ் போகாது, பழைய கமிட் அதைச் சுமந்துகொண்டுதான் வரும்.

கேள்வி: கிட்இக்னோரில் சேர்த்த பிறகும் என்வ் கோப்பின் மாற்றங்கள் கமிட்டில் வருகின்றனவே?

பதில்: மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட் ஏற்கெனவே கவனித்துவரும் கோப்பை கிட்இக்னோர் கட்டுப்படுத்தாது. கிட் ஆர்எம் கட்டளையை கேஷ்டு ஆப்ஷனுடன் ஓட்டி, கமிட் செய்யுங்கள். உங்கள் கணினியில் கோப்பு அப்படியே இருக்கும். ஆனால் மற்றவர்கள் புல் செய்யும்போது (புதிய மாற்றங்களைத் தங்கள் கணினிக்கு இறக்கும்போது) அவர்களிடமிருந்து அது அழிந்துபோகும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதில் ஏபிஐ கீ (வெளிச் சேவையை அணுகும் ரகசியக் குறியீடு) இருந்து, புஷ்ஷும் ஆகிவிட்டதா? அப்படியானால் வரலாற்றைச் சுத்தம் செய்ய உட்காராதீர்கள். முதல் வேலை அந்த கீயை ரத்து செய்து புதிதாக எடுப்பது. பப்ளிக் ரெப்போ என்றால் அது ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபில்டர் ரெப்போ கருவியால் வரலாற்றைத் திருத்தலாம். கமிட் எண்கள் மாறிவிடுவதால் எல்லோரும் மறுபடி குளோன் செய்ய (ரெப்போவை முழுதாக நகலெடுக்க) வேண்டும்.

கேள்வி: மெயின் பிராஞ்சில் (கோடின் முதன்மைக் கிளையில்) யாரும் நேரடியாக புஷ் செய்யக் கூடாது. எங்கே மாற்றுவது?

பதில்: செட்டிங்ஸ், ரூல்ஸ், ரூல்செட்ஸ் என்று போய் புது பிராஞ்ச் ரூல்செட் (விதித் தொகுப்பு) ஒன்றைத் தொடங்குங்கள். இரண்டு இடங்களில் பலர் கோட்டை விடுகிறார்கள். நிலையை ஆக்டிவ் ஆக்க வேண்டும். டார்கெட்டில் டீஃபால்ட் பிராஞ்சைச் சேர்க்க வேண்டும். டார்கெட் காலியாக இருந்தால் விதி எந்தப் பிராஞ்சையும் தொடாது. மெர்ஜுக்கு (மாற்றங்களை மெயினில் இணைப்பதற்கு) முன் புல் ரிக்வெஸ்ட் (இணைக்கச் சொல்லும் கோரிக்கை) கட்டாயம் என்பதை டிக் செய்து, ஒப்புதல் எண்ணிக்கையை 1 ஆக வையுங்கள். தனியாக வேலை செய்பவர் 0 வைக்க வேண்டும், தன் புல் ரிக்வெஸ்ட்டுக்குத் தானே ஒப்புதல் தர முடியாது. விதியிலிருந்து விலக்குத் தரும் பைபாஸ் பட்டியலில் அட்மினைக்கூடச் சேர்க்காதீர்கள். அவசரத்தில் தவறு செய்பவர் பெரும்பாலும் அட்மின்தான்.

இலவசத் திட்டத்தில் பிரைவேட் ரெப்போவுக்கு இந்த விதிகள் வேலை செய்யாது.

கேள்வி: டெஸ்ட்டைக் கட்டாயச் சோதனை ஆக்கினேன். ரீட்மீ (ப்ராஜெக்ட்டின் அறிமுகக் கோப்பு) மட்டும் மாற்றிய புல் ரிக்வெஸ்ட் காத்திருப்பிலேயே நிற்கிறது.

பதில்: டெஸ்ட்டைத் தானாக ஓட்டும் உங்கள் வொர்க்ஃப்ளோவில் பாத்ஸ் வடிகட்டி (குறிப்பிட்ட கோப்புகள் மாறினால் மட்டும் ஓடு என்னும் நிபந்தனை) இருக்கும். ரீட்மீ அதில் சிக்காததால் வொர்க்ஃப்ளோ ஓடவே இல்லை. ஓடாத சோதனையின் முடிவுக்காக கிட்ஹப் காத்துக்கொண்டே இருக்கிறது. வடிகட்டியை எடுத்துவிட்டு, எந்தக் கோப்புகள் மாறின என்பதை முந்தைய ஜாப் (வொர்க்ஃப்ளோவின் ஒரு பகுதி) ஒன்றில் கண்டறிந்து, அதன் முடிவை டெஸ்ட் ஜாபின் இஃப் வரியில் நிபந்தனையாக எழுதுங்கள். அங்கே தவிர்க்கப்படும் ஜாப் தேறியதாகவே கணக்கில் வரும்.

கேள்வி: லைசென்ஸ் கோப்பு (கோடைப் பிறர் பயன்படுத்தும் நிபந்தனைகள் உள்ள கோப்பு) கட்டாயமா?

பதில்: கட்டாயமில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் முழு உரிமையும் உங்களுடையதே. கோடு பப்ளிக்காக இருந்தாலும் பிறர் தங்கள் ப்ராஜெக்ட்டில் எடுத்துப் பயன்படுத்த அனுமதி கிடையாது. எடுத்தாளட்டும் என்று நினைத்தால் எம்ஐடி லைசென்ஸ் போதும்.

கேள்வி: ரெப்போவின் பெயரை மாற்றினால் பழைய லிங்க் உடையுமா?

பதில்: உடையாது, கிட்ஹப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும். பழைய பெயரில் நீங்களே இன்னொரு ரெப்போ திறந்தால் அந்தத் திருப்பல் அன்றோடு போய்விடும்.