பையனை ரெசிடென்ஷியல் ஸ்கூலில் போடலாமா என்று கேட்கும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தம்பி விடிய விடிய ஃபோனில் இருக்கிறான், கேட்டால் எரிந்து விழுகிறான், என்ன செய்வது? பத்தாவதில் 371 மார்க், பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? ஃபோனே கையில் கொடுக்காத ரெசிடென்ஷியல் ஸ்கூலில் சேர்த்துவிடலாமா? முதல் கேள்வியில் வந்த கோபத்தை வைத்து மற்ற இரண்டுக்கும் முடிவெடுத்துவிடாதீர்கள். பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு நிறைய வீடுகளில் இதுதான் நடக்கிறது. "நீ ஃபோன் பார்க்கிற லட்சணத்துக்கு மேத்ஸ் குரூப் ஒரு கேடா?" என்று ஒரு வார்த்தை விழும். அதற்கு அப்புறம் குரூப் தேர்வு, படிப்பைப் பற்றிய பேச்சாக இல்லாமல் தண்டனையைப் பற்றிய பேச்சாக மாறிவிடும்.

முதலில் ஃபோன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அனுமதிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வளரிளம் பிள்ளைகளுக்கு இத்தனை மணி நேரம்தான் என்று ஒரே எண்ணைச் சொல்வதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பே 2016-லேயே விட்டுவிட்டது. ஃபோன் எதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று பாருங்கள். தூக்கமா, விளையாட்டா, சாப்பாடா, நண்பர்களோடு நேரில் பேசுவதா? உங்கள் கடிதத்தில் அதற்கான பதில் இருக்கிறது. இரவு இரண்டு மணி வரை ஃபோன், காலை ஆறரைக்கு டியூஷன். அப்படியென்றால் தம்பி தூங்குவது நாலு மணி நேரம். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இந்தப் பருவத்தில் சின்ன வயதைவிடத் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். ஒன்பதரைக்குப் படுக்கச் சொன்னால் தூக்கம் வராமல் புரள்வது நடிப்பு இல்லை. அந்த நேரத்தில் கையில் ஃபோனும் இருந்தால் இரண்டு மணி ஆகத்தான் செய்யும். எரிந்து விழுவது, படித்தது நிற்காமல் போவது, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது என்று நீங்கள் எழுதியதில் பாதிக்கு மேல் தூக்கமின்மையாலேயே வரக்கூடியவை.

அதனால் முதல் மூன்று வாரம் ஒரே ஒரு விதி போதும்: இரவு பத்தரைக்கு மேல் எல்லா ஃபோனும் ஹாலில், ஒரே இடத்தில் சார்ஜில் இருக்க வேண்டும். எல்லா ஃபோனும் என்றால் அவன் அப்பாவுடையதும்தான். பதினோரு மணிக்கு அவர் படுக்கையில் ஸ்பீக்கர் போட்டு ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த விதி ஒரு வாரம்கூடத் தாங்காது. (கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதையும் கவனித்தேன்.) அலாரத்துக்கு ஃபோன் வேண்டும் என்பான். ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

பகலில் ஃபோனைப் பிடுங்கி வைப்பது நடக்கிற காரியம் இல்லை. வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. அதற்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் போனது, எத்தனை முறை ஃபோனை அன்லாக் செய்தான் என்று அது காட்டும். உங்கள் ஃபோனையும் அவனிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திட்டாமல் பார்க்க முடிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

அதில் கேம் எவ்வளவு, ரீல்ஸ் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பெற்றோர் பெரும்பாலும் கேமைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு ரீல்ஸ்தான் அதிகக் கவலை. கேமுக்கு ஒரு முடிவு உண்டு, ரீல்ஸுக்குக் கிடையாது. விரல் ஓயும் வரை அடுத்தது வந்துகொண்டே இருக்கும். நாலு பேர் டீமாகச் சேர்ந்து ஆடும் கேமில் ஒரு மேட்ச் இருபது, முப்பது நிமிடம் போகும். நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பாதியில் வெளியே வந்தால் ரேங்க் இறங்கும், மற்ற மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள், மறுநாள் பள்ளியில் இவனைத்தான் கேட்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் வந்து "இப்பவே ஆஃப் பண்ணு" என்றால் அவன் கத்துகிறான். கத்துவது சரி என்று சொல்லவில்லை. அது போதையின் அடையாளம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம் என்கிறேன். கேமுக்கு மேட்ச் கணக்கில் எல்லை வையுங்கள்: "இன்னும் ரெண்டு மேட்ச், அப்புறம் சாப்பாடு." ரீல்ஸுக்கு மட்டும் டைமர் போடுங்கள்.

காசு விஷயத்தில் இந்தத் தாராளம் வேண்டாம். உங்கள் யுபிஐ கணக்கை மாதம் ஒருமுறை பாருங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசு 2025-ல் சட்டம் போட்டே தடை செய்திருக்கிறது. தம்பி அந்தப் பக்கம் போயிருந்தால் அது தனியாகப் பேச வேண்டிய பிரச்சினை.

'அடிக்ட் ஆயிட்டான்' என்று எழுதியிருக்கிறீர்கள். கேமிங் கோளாறு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதுவே முக்கியமாகிவிடுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை மூன்றும் பொதுவாக ஒரு வருடமாவது நீடிக்க வேண்டும். தம்பி மாலையில் இன்னும் கிரிக்கெட் ஆடப் போகிறான், பரீட்சை எழுதிப் பாஸ் ஆகியிருக்கிறான். பள்ளிக்கே போக மறுப்பது, குளிக்காமல் சாப்பிடாமல் அறைக்குள்ளேயே கிடப்பது, வீட்டில் பணம் காணாமல் போவது, வாழப் பிடிக்கவில்லை என்று பேசுவது, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இப்போது குரூப். 371-ஐ விட்டுவிட்டு, கணக்கில் எவ்வளவு, அறிவியலில் எவ்வளவு என்று பாருங்கள். நீங்கள் அதை எழுதவில்லை. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு கட்ஆஃப், பிளஸ் டூ கணக்கை 100-க்கும் இயற்பியல், வேதியியலைத் தலா 50-க்கும் எடுத்து 200-க்குப் போடப்படுவது. பத்தாம் வகுப்பு மார்க் அதில் சேராது. காமர்ஸுடன் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுத்தால் பி.காம்., பி.சி.ஏ. எல்லாம் இருக்கிறது, ஆனால் அந்தக் கலந்தாய்வுக்குப் போக முடியாது. பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி இருக்கிறது. செய்து கற்கும் பிள்ளைகளுக்கு அது நல்ல வழி. நம்மவர்கள் அதைக் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள்.

'கேம் டெவலப்பர் ஆகப்போகிறேன்' என்கிறானாமே, சிரிக்காதீர்கள். சோதித்துப் பார்க்கலாம். ஆடுவதும் செய்வதும் ஒன்றல்ல. கோடாட் என்று கேம் செய்வதற்கான இலவச மென்பொருள் இருக்கிறது, சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். ஒரு பந்து தாவிக் குதித்து ஒரு சுவரைத் தாண்டும் சின்ன கேமை இந்த விடுமுறையில் செய்துகாட்டச் சொல்லுங்கள். பந்து சுவருக்குள் புகுந்து போகும், குதித்தால் கீழே வராது. அங்கே கணக்குப் பாடத்தின் ஆயத்தொலைவும் திசையனும் வந்து நிற்கும். அந்தப் பிழையோடு அவன் மணிக்கணக்கில் மல்லுக்கட்டினால், கணக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸும் உள்ள குரூப்பை அவனே கேட்பான். பந்தை விட்டுவிட்டு அதன் நிறத்தையும் பின்னணியையும் மாற்றிக்கொண்டே இருந்தால் அவன் மனம் வடிவமைப்பில் இருக்கலாம். ஐ.ஐ.டி.களில் பி.டெஸ். என்னும் வடிவமைப்புப் பட்டப்படிப்பு படிக்க எழுதும் யூசீட் தேர்வை எந்த குரூப் மாணவரும் எழுதலாம். இரண்டாம் நாளே மூடி வைத்துவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான், திட்டுவதற்கான காரணம் இல்லை.

கடைசியாக ரெசிடென்ஷியல். சில பிள்ளைகளுக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. ஃபோனுக்குப் பயந்து சேர்க்காதீர்கள். அங்கே இரண்டு வருடம் ஃபோன் இருக்காது. அப்புறம் பதினெட்டு வயதில், கல்லூரி ஹாஸ்டலில், கேட்க ஆளில்லாமல் கையில் ஃபோன் வரும். எப்போது கீழே வைப்பது என்று அதுவரை அவன் பழகியிருக்க மாட்டான். அப்படியும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டணத்தை விசாரிப்பதற்கு முன், இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறார்கள், காலை எத்தனை மணிக்கு எழுப்புகிறார்கள் என்று கேளுங்கள். பதினொன்றுக்கு அணைத்து நாலரைக்கு எழுப்பினால் தூக்கம் அங்கேயும் ஐந்தரை மணி நேரம்தான்.

இரவு விதியை முதலில் மூன்று வாரம் நடத்திப் பாருங்கள். அவனுடைய கணக்கு, அறிவியல் மார்க்கோடு, அந்தப் பந்து கேம் என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள். அவன் அப்பாவும் ஒரு பக்கம் எழுதினால் நல்லது. அதுவரை இப்போதைய பள்ளியில் டி.சி. வாங்க வேண்டாம்.